பேயைத் தாயென்று கும்பிடும் ஊர்

திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் இருக்கிறது திருவாலங்காடு. நடராஜரின் ஐந்து சபைகளில் இது இரத்தின சபை. முதலில் காளியைக் கும்பிட்டுவிட்டுத்தான் இங்குள்ள சிவன் வடாரண்யேசுவரரிடம் போக வேண்டும் என்பது இங்கே வழக்கம். சிவனோடு ஆடிப் பார்த்துத் தோற்றவள், அவளுக்கு முதல் மரியாதை. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

நடராஜர் சன்னதியில் நான் தேடியது காரைக்கால் அம்மையாரை. எலும்பும் நரம்புமாகத் தாளம் போட்டபடி இருக்கிறார். அழகே வேண்டாம், பேய் உருவம் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டவர். தலையால் நடந்து கயிலைக்குப் போனவரை "அம்மையே" என்று சிவன் அழைத்தார், ஆலங்காட்டில் என் ஆட்டத்தைப் பார் என்றார். தன் பதிகத்தில் தன்னையே காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார்.

அந்தப் பதிகத்தில் ஒரு பாட்டு என்னை விடுவதே இல்லை. ஒரு பெண்பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைக்கிறது, புழுதியைத் துடைத்துவிட்டுப் பால் கொடுக்கிறது, அப்புறம் எங்கோ போய்விடுகிறது. தாயைக் காணாமல் அழுது அழுதே அந்தப் பேய்க்குழந்தை தூங்கிப்போகிறது. அந்தச் சுடுகாட்டில்தான் எங்கள் அப்பன் ஆடுகிறான் என்கிறார். பேயைப் பார்த்துப் பயப்படச் சொல்லும் கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். பேய்ப்பிள்ளைக்காகப் பரிதாபப்பட்டது இந்தப் பாட்டில்தான்.

பக்கத்திலேயே பழையனூர். ஆட்டோக்காரரிடம் சொன்னதுமே, "நீலி கதை நடந்த இடந்தானே சார்?" என்றார். முற்பிறவியில் கணவனால் கொலையுண்டு பேயானவள் நீலி. மறுபிறவியில் வணிகனாக வந்த அந்தக் கணவனைத் துரத்துகிறாள், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. என்னைக் கைவிட்டுவிட்டான் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். அவனைக் காப்பது கையிலிருந்த கத்தி ஒன்றுதான். உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் உயிரை விடுகிறோம் என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்து, அந்தக் கத்தியை வாங்கி வைத்துவிட்டார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். அவர்களுக்கான மண்டபமும் சாட்சி பூதேசுவரர் கோயிலும் அங்கே இருக்கின்றன.

அம்மையார் தலையால் நடந்த மண்ணை மிதிக்க அஞ்சி ஊருக்கு வெளியே தங்கினாராம் தேவாரம் பாடிய சம்பந்தர். கனவில் இறைவன் கேட்ட பிறகு பாடிய பதிகத்தின் முதல் பாட்டிலேயே இந்த வஞ்சக் கொலையைச் சொல்லிவிடுகிறார். ஆக, சம்பந்தர் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டிலேயே ஊரறிந்த கதை.

இறைவன் அருளால் மாங்கனி கைக்கு வந்த அதிசயத்தைக் கண்ட கணவன் பயந்து விலகிப்போன பிறகு பேயானவர் ஒருத்தி, கணவன் கையால் செத்துப் பேயானவள் இன்னொருத்தி. ஊரார் நம்பாத வணிகன் மேல் எல்லோருக்கும் இரக்கம். நீலி முதலில் கொலையுண்டதற்கு நியாயம் கேட்க எந்தச் சபையும் கூடவில்லை. அவள் அழுகை மட்டும் 'நீலிக் கண்ணீர்' என்று இன்றுவரை வசவாகவே நிற்கிறது.

போகிறவர்கள் மார்கழித் திருவாதிரையைத் தவிர்த்து வேறு நாளில் போங்கள். திருவாதிரைக் கூட்டத்தில் அம்மையாரை நின்று பார்க்கவே முடியாது. பழையனூருக்கும் சேர்த்தே ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது.