‘படிப்பு முறை’ என்ற கட்டம்

பி.சி.ஏ. (கணினிப் பயன்பாட்டில் இளநிலைப் பட்டம்) முடித்திருக்கிறேன் என்றால் அடுத்த கேள்வி “எந்தக் காலேஜ்?” என்றுதான் வரும். இக்னோ, அதாவது தொலைநிலையில் படிக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்றதும் எதிரே இருப்பவர் முகம் லேசாக மாறும். அதற்குப் பழகிவிட்டேன். பழகாமலே போனது விண்ணப்பப் படிவங்களில் இருக்கும் ‘படிப்பு முறை’ என்ற கட்டத்துக்குத்தான்.

பிளஸ் டூவில் கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவு. முடித்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் டேலி மென்பொருளில் கணக்குப் போடும் வேலை. 2018 ஜூலை சேர்க்கையில் பி.சி.ஏ. சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவைக்கு பஸ். அசைன்மென்ட் எல்லாம் கையால் எழுதித் தரவேண்டும். அதற்கு 25 சதவீதம், மீதி பருவத் தேர்வுக்கு. கேட்க எளிது. எம்.சி.எஸ்.-012 என்ற தாளில், கணினிச் சிப்புக்கு நெருக்கமான அசெம்பிளி மொழி நிரலைப் பேப்பரில் எழுதச் சொல்வார்கள். அதை மூன்றாவது முறையில்தான் தாண்டினேன். 2020 ஜூன் தேர்வு கொரோனாவால் செப்டம்பருக்குப் போனது வேறு. ஒரு வழியாக 2021 டிசம்பர் தேர்வோடு முடிந்தது.

அப்புறம்தான் ஆரம்பம். ஒரு பெரிய நிறுவனத்தின் இணையப் படிவத்தில் ‘முழுநேரம், பகுதிநேரம், தொலைநிலை’ என்று மூன்று இருந்தன. மூன்றாவதைத் தொட்டேன். ‘தகுதி இல்லை’ என்று சிவப்பில் வந்தது. மதிப்பெண்ணைக்கூட இன்னும் கேட்கவில்லை. கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் இரண்டு சுற்று தாண்டினேன். நிரல் எழுதச் சொன்னவர் கைகொடுத்து அனுப்பினார். மறுநாள் எச்.ஆர். மேடம் போன் செய்து, “சாரிங்க, ரெகுலர் மட்டும்தான் எடுக்கறோம்” என்றார். என்னைச் சோதித்தவருக்குக் குறை தெரியவில்லை, சோதிக்காதவருக்குத் தெரிந்தது.

ஊரிலும் ஒரு குழப்பம் ஓடிக்கொண்டிருந்தது. “கரஸ்ல படிச்சா செல்லாதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சேப்பா” என்று சித்தப்பா அடிக்கடி சொல்வார். உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதி இல்லாமல் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களைப் பற்றி. பி.சி.ஏ.வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை நான் எத்தனை கல்யாண வீட்டுப் பந்தியில் விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை.

2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பெற்ற இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்குச் சமம் என்று அதில் இருந்தது. உடனே பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தேன். அது என்னமோ மந்திரத் தகடு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. பட்டம் செல்லும் என்பதற்கு அது ஆதாரம், அவ்வளவுதான். தனியார் நிறுவனம் தனக்கு வேண்டிய தகுதியைத் தானே வைத்துக்கொள்ளும். அங்கே அந்தத் தாளை நீட்டி வாதாடிப் பயனில்லை.

வெளிநாட்டில் எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்பு பற்றியும் விசாரித்தேன். அங்கே இடித்தது தொலைநிலை அல்ல, 3 வருடம். அமெரிக்காவில் பல இடங்களில் 4 வருடப் பட்டம் கேட்டார்கள். ஜார்ஜியா டெக் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் 2014-ல் தொடங்கிய ஆன்லைன் எம்.எஸ். படிப்புக்குத் தரும் சான்றிதழில் ‘ஆன்லைன்’ என்ற சொல்லே இருக்காது என்று படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

சரி, எம்.சி.ஏ.வாவது ரெகுலராகப் படிப்போம் என்று 2023 மார்ச்சில் அதற்கான தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதினேன். பிளஸ் டூவிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் இருக்க வேண்டும் என்பது விதி. பி.சி.ஏ.வில் அடிப்படைக் கணிதம் என்று ஒரு தாள் உண்டு. முதல் பருவத்தில் திட்டிக்கொண்டே படித்த அந்தத் தாள்தான் கைகொடுத்தது. பத்து, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசையும் என்னிடம் சரியாக இருந்தது. பிளஸ் டூ இல்லாமல் நேராகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்களுக்குத் தமிழ்நாட்டில், அரசு வேலை உட்பட, சிக்கல் அதிகம். சேருவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம்.

கலந்தாய்வில் இடம் கிடைத்தது. கல்லூரி அலுவலகத்தில்தான் மாட்டினேன்.

“டி.சி. எங்க தம்பி?”

“அங்க டி.சி. தர மாட்டாங்க சார். மைக்ரேஷன் சர்டிபிகேட்தான் தருவாங்க.”

“டி.சி. தராத காலேஜா? அது இல்லாம அட்மிஷன் போட முடியாதுப்பா.”

மூன்று நாள் நடந்தேன். கடைசியில் என் பள்ளிக்கூட டி.சி.யே காப்பாற்றியது. இக்னோவில் அதை வாங்கிக்கொள்ளவில்லை, வீட்டு பீரோவிலேயே கிடந்தது. ஆனால் அதில் தேதி 2018. நடுவில் 5 வருடம் என்ன செய்தாய் என்பதற்கு 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். படித்துக்கொண்டே வேலை பார்த்ததற்குப் பெயர் ‘இடைவெளி’ என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வகுப்பில் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. முதல் செமஸ்டர் முடிந்ததும் அந்தப் பேச்சே இல்லை. இறுதி ஆண்டு வேலைவாய்ப்பு முகாம் வந்தபோது பழைய கட்டம் மறுபடி வந்து நின்றது. இளநிலைப் படிப்பு முறை? “ரெகுலர்னு போட்டுட்டுப் போடா, யாரு பாக்கப் போறாங்க” என்றான் அறை நண்பன். அவன் கெட்டவன் இல்லை, என் மேல் அக்கறையில்தான் சொன்னான். விரல் முதல் வரியின் மேல் சற்று நேரம் நின்றது உண்மை. ஆனால் வேலை கிடைத்த பிறகு சரிபார்க்கும் ஏஜென்சி நேராகப் பல்கலைக்கழகத்துக்கே எழுதும். அப்போது பொய் என்று வந்தால் போவது வேலை மட்டுமல்ல. தொலைநிலை என்றே போட்டேன். இரண்டு நிறுவனங்கள் அங்கேயே கழற்றிவிட்டன.

மூன்றாவது, சென்னையில் ஒரு நடுத்தர நிறுவனம். பி.சி.ஏ. பிராஜெக்ட் என்ன என்று கேட்டார்கள். பனியன் கம்பெனியின் சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும் மென்பொருள் என்றேன். எங்கள் ஊரில் காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரைக்குப் போனால் அது ஒன்றரை ஷிப்ட். ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டும் டெய்லர்களில் சிலருக்கு ஷிப்ட் கணக்கு, சிலருக்குத் தைத்த துணியின் எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட். “ஒன்றரையை டேட்டாபேஸில் எப்படி வைத்தீர்கள்?” என்றார் ஒருவர். முதலில் தசமத்தில் வைத்திருந்தேன். பிறகு கால் ஷிப்டை ஓர் அலகாக்கி முழு எண்ணாக மாற்றினேன், ஒன்றரை என்றால் 6. ஏன் மாற்றினாய் என்று அதிலிருந்தே நாற்பது நிமிடம் போனது. இக்னோ என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை.

வேலைக்கான கடிதம் வந்த பிறகு எச்.ஆர். மேடம் அழைத்தார். “பி.சி.ஏ. டிஸ்டன்ஸ்னு போட்டிருக்கீங்க, வெரிஃபிகேஷன்ல கேப்பாங்க. யு.ஜி.சி. லெட்டர் ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க.”

ஃபைலில் மூன்று வருடமாகக் கிடந்த அந்த பிரிண்டை எடுத்தேன். ஓரத்தில் டீக்கறை. புதிதாகத் தரவிறக்கி, மதிப்பெண் பட்டியல், மைக்ரேஷன் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினேன். பதினொரு நாள் கழித்து பதில் வந்தது, திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வந்துவிடச் சொல்லி.