விமானத்தின் பதிவு ஒரு நாடு, லைசென்ஸ் வேறு நாடு

வெளிநாட்டுப் பதிவுள்ள விமானத்தை ஓட்டலாமா என்று கேட்பவர்கள் தங்கள் லைசென்ஸைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது விமானத்தின் பதிவெழுத்தை, அதாவது அது எந்த நாட்டில் பதிவானது என்று காட்டும் எழுத்தை. 1944 சிகாகோ உடன்படிக்கையின் 32ஆம் பிரிவுப்படி, நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தின் பைலட்டிடம் அந்த விமானம் பதிவான நாடு கொடுத்த லைசென்ஸ் இருக்க வேண்டும். அல்லது அந்த நாடு செல்லும் என்று ஏற்ற லைசென்ஸ் இருக்க வேண்டும்.

அதிகக் குழப்பம் 'என்' எழுத்தில் தொடங்கும் அமெரிக்கப் பதிவு விமானங்களில்தான். அமெரிக்க விதி 61.3 ஒரு சலுகை தருகிறது: வேறொரு நாட்டுக்குள் பறக்கும்போது அந்த நாட்டு லைசென்ஸே போதும். கனடா லைசென்ஸ் வைத்திருப்பவர் அமெரிக்கப் பதிவு செஸ்னா சிறு விமானத்தைக் கனடாவுக்குள் எங்கும் ஓட்டலாம். எல்லையைத் தாண்டிய நொடியில் அந்தச் சலுகை போய்விடும்.

எல்லை தாண்டியும் ஓட்ட வழி விதி 61.75. உங்கள் நாட்டு லைசென்ஸை அடிப்படையாக வைத்து அமெரிக்கா ஒரு பிரைவேட் பைலட் சான்றிதழ் தரும். முதலில் சரிபார்ப்பு விண்ணப்பம் ஒக்லஹோமா சிட்டியில் உள்ள அமெரிக்க விமான ஆணைய (எஃப்ஏஏ) அலுவலகத்துக்குப் போக வேண்டும். லைசென்ஸ் உண்மையா, முடக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் நாட்டு ஆணையத்திடம் கேட்டுக் கடிதம் தருவார்கள். அது ஆறு மாதம்தான் செல்லும். அதற்குள் லைசென்ஸ், மெடிக்கல் சான்று, லாக்புக் (பறந்த நேரக் குறிப்பேடு), பாஸ்போர்ட் எல்லாவற்றின் அசலோடும் எஃப்ஏஏ அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். ஆங்கிலம் பேசவும் படிக்கவும் தெரிய வேண்டும். இன்னொரு நாட்டு லைசென்ஸின் பேரில் வாங்கிய லைசென்ஸை இதற்கு அடிப்படையாகக் காட்ட முடியாது. பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் இருந்தாலே இழுபறிதான்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பறந்துவிட முடியாது. பயிற்றுநருடன் ஃப்ளைட் ரிவ்யூ என்ற திறன் சரிபார்ப்பை முடித்து லாக்புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும்: குறைந்தது ஒரு மணி நேரம் தரையில், ஒரு மணி நேரம் வானில். அதன் பிறகு 24 மாதத்துக்கு ஒரு முறை. கூலிக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றக் கூடாது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (வெளியே தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதி) சேர வேண்டுமென்றால் அதற்கென உள்ள எழுத்துத் தேர்வைத் தனியாக எழுத வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்கும் பிறகுதான். அந்தச் சான்றிதழ் அட்டையில் உங்கள் மூல லைசென்ஸின் நாடும் எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த லைசென்ஸ் கூடவே இருந்தால்தான் இது செல்லும் என்றும் இருக்கும். மூல லைசென்ஸ் காலாவதியானால் இதுவும் செல்லாது. உங்கள் நாடு எண்ணை மாற்றிப் புது லைசென்ஸ் கொடுத்தாலும், நீங்களே லைசென்ஸை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டாலும், சரிபார்ப்புக் கடிதத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பிரெக்ஸிட்டை ஒட்டி பிரிட்டிஷ் லைசென்ஸை ஐரோப்பிய நாடுகளுக்கு மாற்றிக்கொண்டவர்களுக்கும் இதே கதிதான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் ஒப்பிடுவது அட்டையில் உள்ள எண்ணையும் உங்கள் கையிலுள்ள லைசென்ஸின் எண்ணையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருந்து அமெரிக்கப் பதிவு விமானத்தை இயக்குபவருக்குச் சுமை இரட்டிப்பு. பதிவு நாட்டின் ஆவணத்தோடு ஐரோப்பிய லைசென்ஸும் வேண்டும். இதைத் தவிர்க்க விமானத்தை அமெரிக்க டிரஸ்ட் பெயரில் வைப்பது பயன்படாது. இயக்குபவர் எங்கே இருக்கிறார் என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

அமெரிக்காவில் முகவரி இல்லாதவர்கள் இன்னொன்றையும் முடிக்க வேண்டும். அரசுக் கடிதங்களை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு ஏஜென்ட்டை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருந்தவர்களுக்குக் கெடு 2025 ஜூலை 7. பதியாதவர் அந்தச் சான்றிதழை வைத்துப் பறக்கக் கூடாது.