உடைந்த துண்டை மட்டும் கொண்டுவராதீர்கள்

அமெரிக்காவில் நாஷ்வில் பக்கம் மெஷின் ஷாப் வைத்திருப்பவர்கள் என்ன தொழில் செய்தாலும் சரி, என்றாவது ஒருநாள் பழைய பெடல் ஸ்டீல் கிடார் ஒன்று வாசலில் வந்து இறங்கும். நான் வேலை பார்த்த இடம் ஹைட்ராலிக் ஃபிட்டிங்கும் கன்வேயர் உருளையும் செய்கிற சின்னக் கடை. கிடார் வேலையில் காசும் இல்லை, நேரமும் கையில் நிற்காது என்று மற்றவர்கள் நழுவிவிடுவார்கள். கோயம்புத்தூரில் லேத் பிடித்துப் பழகிய எனக்கு ஒற்றைச் சாமான் செய்வது பிடிக்கும். அதனால் அந்த வேலை மெல்ல என் பெஞ்சுக்கே ஒதுங்கியது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு கால் வைத்த குறுகலான மேஜை மாதிரி இருக்கும். மேலே பத்துக் கம்பி. வலது கை மீட்ட, இடது கை கனமான ஸ்டீல் உருளை ஒன்றைக் கம்பிகள்மேல் வழுக்கிக்கொண்டே போகும். சித்திரவீணை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இழைவு அந்நியமாகத் தெரியாது. ஆனால் அடியில் குனிந்து பார்த்தால் முழுக்க முழுக்க மெக்கானிக்கல் சமாச்சாரம். பெடலை மிதித்தால் ஒரு ராடு கீழே இறங்கி ஷாஃப்டைத் திருப்பும். ஷாஃப்டில் மாட்டியிருக்கும் கிராங்க், நீளமான இன்னொரு ராடை இழுக்கும். அந்த ராடு, கம்பியின் முனையைப் பிடித்திருக்கும் ஃபிங்கரைச் சாய்க்கும். கம்பி இறுகி சுருதி ஏறும். பரவலாக வாசிக்கப்படும் ஈ9 ட்யூனிங்கில் முதல் பெடலை மிதித்தால் ஐந்தாவது கம்பியும் பத்தாவது கம்பியும் 'பி'யிலிருந்து 'சி ஷார்ப்'புக்கு ஏறும். ஏறினால் மட்டும் போதாது. இரண்டும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும்.

நாஷ்வில்லில் 1950-களில் ஷாட் ஜாக்சன், பட்டி எம்மன்ஸ் என்ற இரண்டு ஸ்டீல் கிடார் வாத்தியக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிடார் கம்பெனிதான் ஷோ-பட். எம்மன்ஸ் 60-களில் பிரிந்து போய்த் தன் பெயரிலேயே கிடார் கொண்டுவந்தார். இவர்களைப் போல இன்னும் பல சிறு பட்டறைகள். ஷோ-பட் 80-களிலேயே நின்றுபோனது. கிடார் இருக்கிறது, வாசிக்கிற ஆளும் இருக்கிறார், பாகம் கேட்டு எழுதத்தான் கம்பெனி இல்லை. இப்போது சிலர் புதிதாகப் பாகங்கள் செய்து விற்கிறார்கள் என்றாலும், ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் உள்ளே மாற்றியிருப்பார்கள். வாங்கியது பொருந்தாமல் போய் எங்களிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.

அப்படி ஒரு பெரியவர், ரிட்டையரான வாத்தியக்காரர், இரண்டாக உடைந்த கிராங்கைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்தார். இதே மாதிரி ஒன்று செய்து தாருங்கள், அவ்வளவுதானே என்றார். கிடாரையும் கொண்டுவாருங்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பெட்டியோடு சேர்த்தால் அவர் வயதில் தூக்குகிற எடையா அது? என்றாலும் உடைந்த துண்டை அளந்து புதுத் துண்டு செய்யக் கூடாது. ராடு மாட்டும் துளை பல வருஷம் இழுபட்டு நீள்வட்டமாகியிருக்கும். உடைந்த முகத்தில் பொடி உதிர்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் பிடித்தாலும் பழைய நீளம் வராது. போதாததற்கு வார்ப்பில் செய்த பாகம் என்பதால் பக்கங்களில் மெல்லிய சரிவு இருக்கும். அது அச்சிலிருந்து கழற்றுவதற்காக வைத்தது, கிராங்கின் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதையும் நகலெடுத்துக்கொண்டிருந்தால் மில்லிங் மெஷினில் ஒரு நாள் வீண்.

மறுவாரம் கிடார் வந்தது. தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். அதே ரகக் கிராங்குகள் வரிசையாக இருந்தன. பெடல் போலவே முழங்காலால் தள்ளும் லீவர்களும் உண்டு; அவர் அதிகம் தொடாத ஒரு லீவருடையதைக் கழற்றினால், துளை கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தது. ஷாஃப்ட் துளையிலும் ராடு துளையிலும் இறுக்கமான பின் செருகி, இரண்டு பின்களின் வெளி விளிம்புக்கு மைக்ரோமீட்டர் வைத்து, இரண்டின் விட்டத்திலும் பாதியைக் கழித்தால் மையத்துக்கு மையம் தூரம் கிடைத்துவிடும். அப்புறம் ஒரு சின்ன யூகம். 7.9 மில்லிமீட்டர் என்று அளவு வந்தால் அதை அப்படியே எழுதிக்கொள்ள மாட்டேன். இதை வரைந்தவர் பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று என்று அங்குலத்தில் யோசித்தவர். அவர் மனதில் இருந்தது 5/16 அங்குலம், அதாவது 7.94. மீதி தேய்மானமும் பாலிஷும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், அந்தத் தூரம்தான் ராடு எவ்வளவு நகரும் என்பதைத் தீர்மானிக்கிறது. பத்தாவது கம்பியின் கிராங்கில் துளை ஒரு மில்லிமீட்டர் வெளியே போனாலும் சுருதி சேர்த்துவிடலாம். ராடின் முனையில் இருக்கும் நைலான் நட்டைத் தளர்த்தினால் சரியான இடத்தில் வந்து நிற்கும். ஆனால் தளர்த்திய அளவுக்குப் பெடல் சும்மா இறங்கும். ஐந்தாவது கம்பி ஏறத் தொடங்கிய பிறகுதான் பத்தாவது கிளம்பும். ட்யூனர் எல்லாம் சரி என்று காட்டும், வாசிக்கிறவருக்குக் காலில் உறுத்தும்.

கிராங்க் ஏன் உடைந்தது? அது துத்தநாகக் கலவை, டை காஸ்டிங், அதாவது உருக்கி அச்சில் அழுத்தி வார்த்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, அந்தக் காலத்தில் மலிவு என்று பலரும் கைவைத்த உலோகம்தான். இழுத்து இழுத்துத் தளர்ந்து ஒருநாள் முறியும். 1930-களின் லாப் ஸ்டீல் (பெடல் இல்லாமல் மடியில் வைத்து வாசிக்கும் கிடார்) சாமான்களில் இதைவிட மோசமான வியாதி ஒன்றைப் பார்க்கலாம். துத்தநாகத்தில் ஈயமோ தகரமோ துளி கலந்துவிட்டால், ஈரக் காற்று பட்டுப்பட்டு உள்ளுக்குள்ளேயே அரித்து, பாகம் உப்பி, வெடித்து, பிஸ்கட் போல உதிரும். 1929-இல் நியூ ஜெர்சி சிங்க் கம்பெனி மிகச் சுத்தமான துத்தநாகத்தில் ஜமாக் கலவையைக் கொண்டுவந்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். வெல்டிங் வைக்க முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஏறக்குறைய 385 டிகிரியில் உருகுகிற உலோகம். டார்ச் காட்டினால் ஒட்டுவதற்கு முன் ஒழுகிவிடும்.

பெரியவருடைய கிராங்கை 6061 அலுமினியத்தில் கடைந்தேன். அங்கே வலுவைக் கூட்டுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. கம்பி உட்காரும் ஃபிங்கர் விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடிப்பேன். அலுமினியத்தில் கம்பி பள்ளம் போடுகிறது, அந்தப் பள்ளத்தில்தான் மெல்லிய மூன்றாவது கம்பி அடிக்கடி அறுகிறது, ஸ்டெயின்லெஸ்ஸில் செய்து கொடுங்கள் என்பார்கள். நாதம் கடந்துபோகிற இடத்தில் உலோகத்தை மாற்றினால் நாதமும் மாறும். உப்புத்தாளை 600, 1000, 2000 என்று ஏற்றிக்கொண்டே போய்க் கம்பியின் திசையில் தேய்த்து வளைவை மீட்டுத் தருகிறேன், அது போதவில்லை என்றால் பார்க்கலாம் என்பேன். பெரும்பாலும் போதும். உலோகம் சுருதியையும் ஆட்டிவைக்கும்; ரிக்கன்பேக்கர் கம்பெனி 1930-களில் முதலில் முழு அலுமினிய வார்ப்பில் கிடார் செய்து, மேடை விளக்குச் சூட்டில் சுருதி நழுவுவதைப் பார்த்து பேக்கலைட் என்ற பழைய ரக பிளாஸ்டிக்குக்குப் போன கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கிடாரில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. எண்ட் பிளேட்டில், அதாவது ஓரத்து உலோகத் தகட்டில், ஒரு ஸ்க்ரூ லொடலொடவென்று ஆடியது. அசல் மரை 10-32 என்ற அங்குல அளவு; அதில் முன்பு யாரோ எம்5 என்ற மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். 10-32-இன் விட்டம் 4.83 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.794. எம்5 என்றால் 5-ம் 0.8-ம். முதல் சில சுற்று சொந்தக்காரன் போல உள்ளே போகும், அப்புறம் பழைய மரையை வழித்துக்கொண்டு போகும். துளையைப் பெரிதாக்கி, பித்தளை புஷ் (குழல்) அடித்து, அதில் திரும்ப 10-32 மரை வெட்டினேன்.

பில் போடுவதுதான் கடினம். வெட்டும் நேரம் சொற்பம், அளக்கவும் செட்டிங் போடவும்தான் பொழுது போகும். அதனால் மெஷினைக் கலைப்பதற்கு முன் கூடுதலாகச் சில கிராங்குகளை வெட்டி, அளவை எழுதி, டப்பாவில் போட்டு வைப்பேன். அதே ரகக் கிடார் இன்னொன்று வந்தால் அந்த ஆளுக்குச் செலவு பாதிதான். உடைந்த அசல் துண்டுகளைத் தூக்கிப் போடுவதில்லை, கவரில் போட்டு ஒட்டி கிடார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவோம்; நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். விற்கிற எண்ணமே கிடையாது என்றார் பெரியவர். பரவாயில்லை, இருக்கட்டும் என்று வைத்து அனுப்பினேன்.