தண்டையார்பேட்டை வீட்டில் லேசர் தூசிமானி: மூன்றாவது வாரம்

பெட்டி ஒருவழியாக உருப்பெற்றுவிட்டது. பிஎம்எஸ் 5003 லேசர் உணரி, அதன் அளவை வாங்கிக் காட்டும் குட்டிக் கணினிப் பலகையான இஎஸ்பி 32, ஒரு பவர் பேங்க். மூன்றும் அம்மாவின் பழைய கடுகு டப்பாவுக்குள். உணரியின் குட்டி விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் கற்றையைக் கடக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிக்க, அந்தச் சிதறலை வைத்து 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட தூசியைக் கணக்கிட்டுச் சொல்கிறது.

முதல் வாரம் வீணாயிற்று. இந்த உணரியில் காற்று நுழைவதும் வெளியேறுவதும் ஒரே பக்கத்தில். டப்பாவில் ஒரே துளை போட்டிருந்ததால் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. ஊதுபத்தியை அருகில் நீட்டியும் எண் சோம்பலாகத்தான் ஏறியது. இரண்டு துளையாக்கி, நடுவில் அட்டைத் துண்டை ஒட்டியதும் சட்டென்று எகிறியது.

சமையலறையில் இன்னொரு பாடம். இட்லிப் பானையைத் திறந்தவுடன் எண் தாவியது. நீர்த்துளிக்கும் புகைக்கும் லேசருக்கு வேறுபாடு தெரியாது. ஆவி பறக்கும் நேரத்து அளவுகளை இப்போது அடித்துவிடுகிறேன்.

என்னை உலுக்கியது படுக்கையறைதான். கன்டெய்னர் லாரிப் புழுதிக்குப் பயந்து இரவில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்தி கொளுத்துவது எங்கள் வழக்கம். கொளுத்துமுன் கன மீட்டருக்கு 41 மைக்ரோகிராம்; அரை மணி நேரத்தில் 430. நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரியாக 60, உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. அரை மணி அளவை அவற்றோடு நேராக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் அந்தப் புகைக்கு ஒரு முழம் தள்ளித்தான் அம்மாவின் தலையணை. மறுநாளே கொசுவலை கட்டினோம்.

வியாழன் இரவு மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து வாடை வந்தது. தொண்டை கரித்தது. எண்ணோ 38இலேயே நின்றது.

“அப்படியானால் இந்தப் பெட்டிக்கு மூக்கு இல்லையா?” என்றார் அம்மா.

இல்லை. இது துகளை மட்டுமே காணும். வாயுவை லேசரால் பிடிக்க, அந்த வாயு உறிஞ்சும் அலைநீளத்திலேயே ஒளி பாய்ச்ச வேண்டும். மீத்தேனுக்கு அது சுமார் 1653 நானோமீட்டர். அது இன்னும் என் கைக்கு எட்டவில்லை. அதுவரை நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘வாடை’ என்று ஒரு பத்தி போட்டிருக்கிறேன். அதை நிரப்புவது அம்மா. நேற்றைய வரி அவர் கையெழுத்தில்: இரவு 11.20, 36, உண்டு.