கரண்ட் வைங்க சார்

திருப்பூரில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தால், வருகிறவர் கையை நீட்டும் விதத்தை வைத்தே என்ன வேலை என்று ஓரளவு சொல்லிவிடலாம். கட்டிங் மாஸ்டர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வருவார். அதிரும் கத்தி மெஷினை அடுக்கிய துணிக்குள் தள்ளித் தள்ளி அந்த இடம் மரத்துப்போயிருக்கும். ஓவர்லாக் டெய்லருக்குக் கழுத்தும் மணிக்கட்டும் சேர்ந்தே வலிக்கும். பிசிர் வெட்டுகிறவர்கள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மணிக்கட்டு வலிங்க. கரண்ட் வைங்க சார்."

கரண்ட் என்பது எங்கள் அறையில் ஒயர் மாட்டிய எல்லா மெஷினுக்கும் பொதுப்பெயர். வைத்தால் சில மணி நேரம் வலி மட்டுப்படும், சிலருக்கு ஒரு ராத்திரி தூக்கமும் கிடைக்கும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கிளினிக் வாடகையில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் மணிக்கட்டு என்பது எட்டுச் சின்ன எலும்புகள், அவற்றைக் கட்டிப் பிடிக்கும் தசைநார்கள், தசையை எலும்போடு இணைத்து மேலும் கீழும் ஓடும் தசைநாண்கள், நடுவே நரம்புகள் என்று உள்ளங்கை அகலத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கிற இடம். ஒரு விரல் தள்ளித் தொட்டால் வேறு நோய். அதனால் வந்தவுடன் மெஷினைப் போடாமல் நான் கேள்வி கேட்க ஆரம்பிப்பேன். சிலருக்கு அது பிடிக்காது. "டாக்டரே இவ்வளவு கேக்கலைங்களே" என்பார்கள்.

செக்கிங் டேபிளில் பிசிர் வெட்டும் ஓர் அக்கா வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. ராத்திரி இரண்டு மணிக்குக் கை மதமதவென்று மரத்துப் போய் எழுந்துவிடுகிறாராம். எழுந்து கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால் சரியாகிறதாம். உதறிக் காட்டவும் செய்தார். இந்த உதறல் எனக்கு ரொம்ப முக்கியம். எந்த விரல் மரக்கிறது என்று கேட்டால் "எல்லாமேதானுங்க" என்றார். ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்டபோதுதான் சுண்டுவிரலில் ஒன்றும் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி. கார்பல் டனல் என்று சொல்கிறார்களே, அதன் அடையாளம் இதுதான்.

மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகள் ஒரு பள்ளம் மாதிரி வளைந்திருக்கும். அதன்மேல் கெட்டியான ஒரு நார்ப்பட்டை கூரையாக மூடியிருக்கும். அந்தச் சந்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் போகின்றன. ஒன்பது பேர் ஏறிய ஷேர் ஆட்டோவில் பத்தாவதாக ஒரு ஒல்லிப்பிச்சான் ஏறினால் யார் நசுங்குவார் என்று கேட்டால் அக்காக்கள் உடனே புரிந்துகொள்வார்கள். நாள் முழுக்கக் கத்திரியை இறுக்கிப் பிடித்தால் தசைநாண்களின் உறை வீங்கும், நரம்புக்கு இடம் குறையும். தூங்கும்போது மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்கிறோம், இடம் இன்னும் குறைகிறது. வேலை பார்ப்பது பகலில், மரப்பது ராத்திரியில் என்பதால்தான் பலருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. வாயு என்றோ நரம்புத் தளர்ச்சி என்றோ நினைத்துக்கொண்டு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் தரையைப் பார்க்க ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னேன். ஜார்ஜ் ஃபேலன் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 1950களில் பரவலாக்கிய பரிசோதனை இது, காசில்லாதது. அரை நிமிடத்துக்குள்ளேயே "வருதுங்க, அதே மதமதப்பு" என்றார். அப்புறம் சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கை மரப்புக்கு எதற்கு ரத்தம் என்று முகம் சுளித்தார். நீரிழிவும் தைராய்டுச் சுரப்புக் குறைவும் இந்த நரம்பைச் சீக்கிரம் சிக்கவைக்கும். கர்ப்பிணிகளுக்கும் வரும், அவர்களில் நிறையப் பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே தணியும். அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. அதுவரை அவருக்கே தெரியாது.

கொடுத்த சிகிச்சை சாதாரணமானது. ராத்திரியில் மட்டும் மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஒரு பட்டை, உள்ளே தகடு வைத்தது. இரண்டு வாரம் கழித்துக் குறையவே இல்லை என்று வந்தார். விசாரித்தால், பட்டையை வேலைக்குப் போட்டுக்கொண்டு போய், படுக்கும்போது கழற்றி வைத்திருக்கிறார். "வேலை செய்யும்போதுதானுங்களே கைக்குப் பாதுகாப்பு வேணும்?" நியாயமாகத் தோன்றுகிற கேள்வி. ஆனால் பட்டையோடு கத்திரி பிடித்தால் விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், ராத்திரியோ மணிக்கட்டு பழையபடி மடங்கிக் கிடக்கும். இதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதில்லை என்று அதற்குப் பிறகு முடிவு செய்தேன். இப்போது அறையிலேயே கட்டிலில் படுக்கவைத்து, பட்டையை மாட்டிக் காட்டிவிடுகிறேன்.

இன்னொரு தொல்லை, பந்து. மணிக்கட்டில் எந்த வலி என்றாலும் யாராவது ஒரு மஞ்சள் ஸ்மைலி பந்தை வாங்கி அமுக்கச் சொல்லிவிடுகிறார்கள். ஏற்கெனவே இறுக்கிப் பிடித்துத்தான் வலியே வந்திருக்கிறது, வீட்டுக்கு வந்தும் பந்தை இறுக்குவானேன்? எலும்பு முறிவு கூடி, கட்டுப் பிரித்த பிறகு பிடியைத் தேற்ற அது உதவும். நரம்பு நசுங்கியவருக்கு விரல்களை மெதுவாக நீட்டி, கொக்கியாக மடக்கி, முழுதாக மூடி, திறக்கிற பயிற்சிதான் சரி. தசைநாண்கள் வழுக்கி ஓட வேண்டும், பலம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஓய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ரெண்டு மாசம் கைக்கு ரெஸ்ட் கொடுங்க" என்று எழுதுவதைப் போலச் சுலபமான மருந்து எதுவும் இல்லை. எழுதுகிறவருக்குச் சுலபம். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம், பலருக்குப் பீஸ் ரேட். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே. "லீவு போட்டா கஞ்சி யாருங் ஊத்துறது?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதனால் ஓய்வு என்ற சொல்லையே நான் குறைத்துக்கொண்டேன். கை செய்யும் வேலையில் எந்தத் துண்டை மாற்ற முடியும் என்று பார்ப்பதே என் சிகிச்சையில் பெரும்பகுதி.

அக்காவை அவருடைய கத்திரியைக் கொண்டுவரச் சொன்னேன். ஸ்பிரிங் வைத்த சின்னக் கத்திரி. முனை மழுங்கி, ஸ்பிரிங் துருப்பிடித்து, ஒரு நூலை வெட்ட நானே இரண்டு தடவை அமுக்க வேண்டியிருந்தது. ஒரு நாளில் அவர் எத்தனை ஆயிரம் தடவை அமுக்குவார்! கூர்மையான புதுக் கத்திரி, கைப்பிடியில் சுற்றிய கொஞ்சம் துணி, மணிக்கட்டு மடங்காதபடி உட்காரும் ஸ்டூலை உயர்த்த ஒரு பலகை, மதியத்துக்கு மேல் பக்கத்து டேபிளில் மடிக்கும் வேலையோடு மாற்றிக்கொள்வது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் சூப்பர்வைசர் சம்மதம் வேண்டியிருந்தது. அவர் முதலில் முறைத்தார், பிறகு பீஸ் எண்ணிக்கை குறையவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

கம்ப்யூட்டர் வேலைதான் கார்பல் டனலுக்குக் காரணம் என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. தட்டச்சு செய்வதைவிட, பலமாக இறுக்கிப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கும் அதிரும் கருவிகளுக்கும்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. கோயம்புத்தூரில் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைக்கு விலையுயர்ந்த மவுஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, மெஷின் ஓட்டும் தன் கையை மறந்துபோன அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

கைக்குழந்தையோடு வரும் பெண்களின் கதை வேறு. கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டின் ஓரத்தில் சுரீர் என்று இழுக்கும். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வைன் 1895இல் விவரித்ததால் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரலை விரித்து அக்குளுக்கு அடியில் கொடுத்து மேலே இழுக்கிறோம் இல்லையா, அந்த அசைவில்தான் இரண்டு தசைநாண்கள் உறைக்குள் உரசுகின்றன. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தால் அம்மா அலறிவிடுவார். ஒரு தடவைக்கு மேல் நான் செய்வதில்லை.

கூட வரும் பாட்டி "பச்ச உடம்பு, காத்து பட்டிருச்சு சாமி" என்பார். நான் மறுத்துப் பேசுவதில்லை. பாட்டியைத்தான் எனக்குக் கூட்டாளியாகப் பிடித்துக்கொள்கிறேன். நாலைந்து வாரம் துணி பிழிவதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் பாட்டி பொறுப்பு. அம்மாவுக்குக் கட்டைவிரலையும் சேர்த்து நிறுத்தும் பட்டை. தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு முன்னங்கை குழந்தையின் தலைக்கும் முதுகுக்கும் அடியில், இன்னொன்று இடுப்புக்கு அடியில். எடை கட்டைவிரலில் விழக்கூடாது. பால் கொடுக்கும்போது தலையைத் தாங்க, மணிக்கட்டுக்குப் பதிலாகத் தலையணை. இதிலும் கேட்காவிட்டால் எலும்பு மருத்துவரிடம் ஒரு ஸ்டீராய்டு ஊசி. பலருக்கு நன்றாகவே கேட்கிறது.

என்னிடம் வரவே கூடாத மணிக்கட்டும் ஒன்று உண்டு. பைக்கில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்த பையன்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள், வீட்டில் முட்டையும் உளுந்தும் குழைத்துப் பத்துப் போட்டுக் கட்டியிருப்பார்கள். கட்டைவிரலை நீட்டினால் அதன் அடியில் ஒரு குழி விழும். அங்கே அமுக்கி வலித்தால், மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் ஒன்றான ஸ்கஃபாய்டில் விரிசல் இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலேயே போகும். அதனால் கையை அசையாமல் கட்டிவைத்து, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அல்லது எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் கிடைக்காமல் சேராமலேயே கிடக்கும். இருபது வயதில் அசட்டையாக விட்டால் நாற்பதில் மூட்டுத் தேய்மானம். "ரெண்டு நாள் கரண்ட் வெச்சுப் பாக்கலாமுங்க" என்று அப்பா கெஞ்சுவார். மெஷினைத் தொடாமல் அனுப்பிவிடுவேன்.

கார்பல் டனல் முற்றி, கட்டைவிரல் மேட்டில் சதை வற்றி, சட்டைப் பட்டன் போட முடியாமல் வருகிறவரையும் அப்படித்தான். அதற்கு மேல் பட்டையும் பயிற்சியும் காலத்தைத்தான் கடத்தும். அறுவை என்றால் நரம்பை வெட்டிவிடுவார்களோ என்றுதான் எல்லோருக்கும் பயம். வெட்டுவது மேலே மூடியிருக்கும் நார்ப்பட்டையை. நரம்பு அப்படியே இருக்கும், இடம்தான் கிடைக்கும். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்துவிட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வற்றிய சதை முழுதாகத் திரும்பும் என்று மட்டும் யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் காலம் கடத்தாமல் போகச் சொல்கிறேன்.

பிசிர் வெட்டும் அக்காவுக்கு அறுவை தேவைப்படவில்லை. இப்போது ராத்திரி எழுவது அபூர்வம், சர்க்கரை மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறார். போன மாதம் பக்கத்து டேபிள்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவளுக்கும் அதே வலிதானுங் சார். அந்தப் பட்டை ஒண்ணு கொடுத்துருங்க." விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தால், இவளுக்கு மரப்பது சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும். சிக்கல் மணிக்கட்டில் இல்லை. நாள் முழுக்க முழங்கையை டேபிள் விளிம்பில் ஊன்றித் துணியைத் திருப்புகிற பழக்கத்தால் அங்கே ஓடும் அல்நார் நரம்பு அழுந்தியிருக்கிறது. பட்டை கிடைக்காததில் இரண்டு பேருக்கும் வருத்தம். டேபிள் விளிம்பில் கழிவுத் துணியை மடித்து ஒட்டவும், ராத்திரி முழங்கை மடங்காமல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்கவும் சொன்னேன். கரண்ட் வைக்கவில்லையா என்று கேட்டாள். வைத்தேன்.