ஒற்றைக் காலில் நிற்கும் கோபம்

ஆஸ்லோவில் 12ஆம் எண் டிராமிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். நானும் பின்தொடர்ந்தேன். 100 மீட்டர் நீளப் பாலம், இரு ஓரமும் நார்வே சிற்பி குஸ்தாவ் விகெலாண்டின் 58 வெண்கலச் சிலைகள். ஓடுகிறார்கள், ஆடுகிறார்கள், மல்லுக்கு நிற்கிறார்கள். யார் மேலும் பொட்டுத் துணி கிடையாது. முதல் ஐந்து நிமிடம் சங்கடமாக இருந்தது. பிறகு முதுகும் தொடையும் முறுக்கேறுவதைத்தான் கண் பார்த்தது.

கூட்டம் மொய்ப்பதென்னவோ அவற்றில் ஒன்றான கோபக்காரப் பையனிடம். முஷ்டியை இறுக்கி, ஒரு காலைத் தூக்கி, இதோ தரையில் உதைக்கப் போகிறான். தொட்டுத் தொட்டு அவன் கை மட்டும் பொன்னாய்ப் பளபளக்கிறது. பளிங்கில் இவனைச் செதுக்கியிருந்தால் காலோடு ஒரு மரக்கட்டை உருவத்தையும் அதே கல்லில் செதுக்கி முட்டுக்கொடுத்திருப்பார்கள். வெண்கலத்துக்கு அது தேவையில்லை. உள்ளே வெற்றிடம், சுற்றிலும் மெல்லிய உலோகச் சுவர்.

பக்கத்திலேயே அருங்காட்சியகம். விகெலாண்டுக்காக நகராட்சி கட்டிக்கொடுத்த பட்டறைதான் அது. 1943இல் அவர் இறந்தபின் 1947இல் மக்களுக்குத் திறந்தார்கள். வார்ப்புக்கு முந்தைய பிளாஸ்டர் உருவங்கள் அங்கே வெள்ளைவெளேரென்று நிற்கின்றன. பாலத்தைவிட எனக்கு இந்த இடம்தான் பிடித்தது.

ஈரக் களிமண் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். அதனால் முதலில் உள்ளே ஒரு கம்பிக்கூடு கட்டுகிறார்கள். உடம்பு எவ்வளவு சாய்கிறது, கால் எதுவரை வீசுகிறது என்பதெல்லாம் அநேகமாக அப்போதே முடிவாகிவிடும். பின்னால் மனம் மாறினால் கம்பியையே வளைத்தாக வேண்டும். அதன்மேல் மண்ணை அப்பி, காயாமல் ஈரத்துணி சுற்றிச் சுற்றி வேலை. மண்ணிலிருந்து பிளாஸ்டர், பிளாஸ்டரிலிருந்து அச்சு, அச்சுக்குள் 1000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் செம்பும் வெள்ளீயமும். விகெலாண்ட் களிமண் உருவங்களை முழு அளவிலேயே, உதவியாளர் யாருமின்றித் தானே வனைந்தார். வார்க்கும் வேலையைக் கைதேர்ந்த வினைஞர்களிடம் விட்டுவிட்டார். கர்வம்தான், ஆனால் நியாயமான கர்வம்.

திரும்பும் வழியில் மறுபடி பையனிடம் போனேன். இம்முறை முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, ஊன்றிய காலின் கணுக்காலைப் பார்த்தேன். மொத்தப் பாரமும் இறங்குவது அங்கேதான். 2021இல் அவனைக் கொண்டுபோக முயன்றவர்களும் கணுக்காலில்தான் ரம்பத்தை வைத்தார்களாம்.

படமெடுக்கக் காத்திருந்த பெண்மணி என் தோளைத் தட்டினார். நகர்ந்துகொண்டேன்.