பலாலியிலிருந்து சென்னைக்கு: அம்மாவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போன அனுபவம்

அம்மாவின் முழங்காலுக்குச் சென்னையில் சத்திரசிகிச்சை செய்வதென்று முடிவானதும், அவரை எப்படிக் கூட்டிப்போவது என்பதே வீட்டில் பெரிய கேள்வியாக இருந்தது. பத்து நிமிடம் காலை மடக்கி உட்கார்ந்தாலே அவருக்கு வலி தாங்காது.

எங்களுக்குப் பழகியது கொழும்பு வழிதான். யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறி, 350 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய், விடியும் நேரம் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டும். அங்கிருந்து சென்னை ஆகாய வழியில் சுமார் 645 கிலோமீட்டர். வரைபடத்தில் இரண்டு விமான நிலையங்களையும் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள்; கோடு யாழ்ப்பாணத்துக்கு மேலாகவே போகும். வடக்கே இருக்கும் ஊருக்குப் போக இரவெல்லாம் தெற்கே ஓடி, பிறகு நம் வீட்டுக் கூரைக்கு மேலாலே திரும்பிப் போகிறோம்! முழங்கால் நோயாளிக்கு இது தேவையே இல்லாத வதை.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். ஆனாலும் அட்டவணையில் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் என்று போட்டிருப்பார்கள். பாதித் தூரத்துக்கு ஏன் கிட்டத்தட்ட கொழும்பு விமானம் எடுக்கும் அதே நேரம் என்று அம்மா கேட்டார். காரணம் விமானம். இங்கே வருவது ஏடிஆர், காற்றாடி வைத்த சிறிய விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான். ஜெட் 800ஐத் தாண்டும். அத்துடன் விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரும் நேரம், சென்னையில் இறங்கக் காத்திருக்கும் நேரம் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடக்கம். அதனால் கிலோமீட்டரை மட்டும் வைத்து நேரத்தைக் கணிக்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து வைத்தியசாலை வாசல்வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். எங்களுக்கு அது ஒரு பகலுக்குள் அடங்கிவிட்டது.

விசாவுக்கு இணையத்தில் மருத்துவ இ-விசா எடுத்தோம். சென்னை வைத்தியசாலையின் கடிதத்தை முதலில் கேட்டு வாங்கிவிடுங்கள், அதுதான் முக்கியம். கூடப் போகிறவருக்கு உதவியாளர் விசா தனியாக எடுக்க வேண்டும்.

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டுமென்று பதிந்துவிடுங்கள். ஏடிஆரில் பின்பக்கக் கதவால் ஏற வேண்டும். படிகள் கொஞ்சம்தான், ஆனால் மடக்க முடியாத காலுக்கு அதுவே மலை. ஊழியர் ஒருவர் முன்னாலும் நான் பின்னாலும் நின்று அம்மாவை மெதுவாக ஏற்றினோம். வலி உள்ள கால் நடைபாதைப் பக்கம் வருமாறு இருக்கை கேட்டு வாங்கியது பெரிய உதவி, வேண்டியபோது நீட்டிக்கொண்டார்.

அப்புறம், இரண்டு பக்கமும் ஒரே நேரம்தான். 2006இல் இலங்கை இந்திய நேரத்துக்கே மாறிவிட்டதால் மருந்து வேளைகளை மாற்ற வேண்டியதில்லை.

திரும்பும் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டி உறுதியாகப் போட வேண்டாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு எப்போது பறக்கலாம் என்று வைத்தியரே சொல்லட்டும். காலில் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து உண்டு. பறக்கலாம் என்று அவர் எழுதித் தந்த கடிதத்தை வாங்கிக் கையிலேயே வைத்திருங்கள்.